உப்புத் தண்ணீரில் மிதந்த விதை

அன்புள்ள ஐயாவுக்கு,

உங்கள் கடிதம் பத்திரிகை அலுவலகத்தைச் சுற்றி என் கைக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது. நாலு பக்கம், நீல மை, கடைசிப் பக்க ஓரத்தில் நெருக்கி எழுதிய ஒரு பின்குறிப்பு. ஊர் பேர் வெளியே வர வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், வராது. ஆனால் நீங்கள் கேட்டவை உங்கள் வீட்டோடு முடிகிற கேள்விகளாக எனக்குத் தோன்றவில்லை. வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்யும் பிள்ளைகளைப் பெற்ற பலரும் ஃபோனை வைத்த பிறகு மனசுக்குள் கேட்டுக்கொள்கிறவைதான். அதனால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

மற்ற வாசகர்களுக்கு விவரம் தெரிய வேண்டும். இவர் டெல்டாவில் நெல் போடுகிறவர். மகள் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. மூன்றாம் ஆண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஃபோனில், “அப்பா, எங்க ப்ராஜெக்டுக்கு சீட் ஃபண்ட் கிடைச்சிருக்கு” என்றிருக்கிறாள். பக்கத்தில் இருந்த அம்மா, “சீட்டுப் பணமா? யாருடி பிடிக்கிறா? ஓடிடப் போறான்” என்று பதறியிருக்கிறார். அது சீட்டு இல்லை, விதை என்று புரியவைக்கவே பாதி நேரம் போய்விட்டது. மீதி நேரத்தில் அவள் ஜீனோமிக்ஸ், சிஸ்டம்ஸ் பயாலஜி, இரண்டு டிபார்ட்மென்ட் சேர்ந்து செய்வது என்று என்னவோ சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். இவர் கையில் மிஞ்சியது மூன்று கேள்வி. அந்தப் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா? ஒரு வேலைக்கு ஏன் இரண்டு பேராசிரியர்? விளையாமல் போனால் பிள்ளை கதி என்ன?

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. திருப்பித் தர வேண்டாம். வட்டி கிடையாது, விளைச்சலில் பங்கும் கிடையாது. புதிதாகக் கம்பெனி தொடங்குகிறவர்களுக்கு முதலீட்டாளர்கள் கொடுக்கும் பணத்துக்கும் இதே பெயர்தான். அவர்கள் கம்பெனியில் பங்கு எடுத்துக்கொள்வார்கள். பல்கலைக்கழகம் தன் ஆசிரியர்களுக்குக் கொடுக்கும் விதைப் பணம் அப்படியில்லை. நன்கொடையாளர்கள் கொடுத்தது, அறக்கட்டளை முதலிலிருந்து வருகிற வருமானம் என்று நிர்வாகத்தின் கையில் இருப்பதிலிருந்து ஒரு பங்கை எடுத்து, “இதை வைத்து முயற்சி செய்து பாருங்கள்” என்று கொடுப்பது. ஒரு மாணவர் அல்லது இளம் ஆய்வாளரின் சம்பளம், வேதிப்பொருள், எலி வளர்க்கிற செலவு, டிஎன்ஏ படிக்கிற செலவு எல்லாம் இதில் அடங்கும். பெரும்பாலான இடங்களில் பேராசிரியர் தன் சம்பளத்துக்கு இதில் கை வைக்க முடியாது.

தொகை எவ்வளவு இருக்கும்? கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பயோ-எக்ஸ் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2000ஆம் ஆண்டிலிருந்து விதைப் பணம் கொடுத்துவருகிறார்கள். ஒரு குழுவுக்கு இரண்டு ஆண்டுக்கு 2 லட்சம் டாலர் வரை. நம் கணக்கில் பெரிய தொகை. ஆனால் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் வழக்கமான ஆய்வு நிதி ஆண்டுக்கு 2.5 லட்சம் டாலர் வாக்கில் நாலைந்து ஆண்டுக்கு வரும். அதை வயல் என்றால் இது நாற்றங்கால்.

பெரிய இடத்திலேயே நேராகக் கேட்டால் என்ன என்று அடுத்துக் கேட்பீர்கள். கேட்கலாம். நெடுநாளாக அங்கே கேட்பவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்குத்தான் கிடைக்கிறது. கிடைப்பதற்கு ஒரு நிபந்தனை எழுதாமலே உண்டு: இந்த யோசனை பலிக்கும் என்பதற்கு ஏற்கனவே கொஞ்சம் ஆதாரம் காட்ட வேண்டும். ஆதாரம் எடுக்கப் பணம் வேண்டும், பணம் கிடைக்க ஆதாரம் வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதை. அந்த முடிச்சை அவிழ்க்கத்தான் விதைப் பணம்.

நீங்கள் விதை பார்த்து எடுக்கிற விதம் எனக்கும் தெரியும். தொட்டித் தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே வருவது. முட்டையைப் போட்டால் காசளவு வெளியே தெரிய மிதக்கும் பதம் வந்ததும் நெல்லைக் கொட்டுவது. பதரும் அரைவயிறும் மேலே வரும், தேறிய நெல் அடியில் தங்கும். மேலே வந்ததை அரித்துத் தள்ளிவிட்டு, அடியில் கிடப்பதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி எடுப்பீர்கள். பெரிய நிதி நிறுவனங்களின் நிபுணர் குழுவும் இப்படி ஒரு உப்புத் தண்ணீர்தான். எடை உள்ளதை மட்டும் எடுக்கும். தப்பே இல்லை, அது மக்கள் வரிப்பணம். ஆனால் நெல்லில் இல்லாத ஒரு சங்கடம் யோசனையில் இருக்கிறது. புத்தம் புதிய யோசனைக்குத் தொடக்கத்தில் எடையே இருக்காது. பதர்களோடு சேர்ந்து அதுவும் மிதக்கும். மேலே மிதப்பதில் எது பதர், எது விதை என்று உப்புத் தண்ணீரால் சொல்ல முடியாது. மண்ணில் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அப்படி மிதந்த ஒன்றின் கதையைச் சொல்கிறேன். உங்கள் மகள் படிக்கிற துறையே அதிலிருந்து கிளைத்ததுதான்.

1980களின் தொடக்கம். கலிஃபோர்னியாவின் கால்டெக் நிறுவனத்தில் லீராய் ஹூட் என்ற உயிரியலாளர். அப்போது டிஎன்ஏவில் எழுத்துகளை வாசிப்பது கைத்தொழில். ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துக்கும் தனித்தனியே கதிரியக்கம் ஏற்றிய கலவைகளைக் கூழ்ப் பலகையில் ஓடவிட்டு, எக்ஸ்ரே படம் எடுத்து, கோடுகளைக் கண்ணால் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். மனித உடலின் ஒரு தொகுதி டிஎன்ஏவில் 300 கோடி எழுத்துகள். கையால் எழுதித் தீராது. ஹூட் குழுவின் யோசனை, நான்கு எழுத்துக்கும் நான்கு நிறச் சாயம் ஏற்றி, ஒரே தடத்தில் ஓடவிட்டு, லேசர் பட்டு ஒளிரும் நிறத்தைக் கணினியே பதிந்துகொள்ளும்படி செய்வது. உயிரியலாளர் மட்டும் போதாது. சாயம் செய்ய வேதியியலாளர், ஒளி தெரிந்த பொறியாளர், நிரல் எழுதுகிறவர் எல்லாரும் வேண்டும். தேசிய சுகாதார நிறுவனத்தில் விண்ணப்பித்தார்கள். கிடைக்கவில்லை என்று ஹூட் பின்னால் பலமுறை சொல்லியிருக்கிறார். பணம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் சோல் பிரைஸ். பிரைஸ் கிளப் என்ற மொத்த விலைக் கடைகளை நிறுவிய வியாபாரி. நிபுணர்கள் மிதக்கிறது என்று ஒதுக்கியதைக் கடைக்காரர் ஒருவர் கையில் எடுத்துப் பார்த்தார். 1986இல் அந்தக் கருவி பற்றிய கட்டுரை வெளிவந்தது. 1990இல் தொடங்கி 2003இல் முடிந்த மனித ஜீனோம் திட்டம் அந்தக் கருவியின் வாரிசுகளை வைத்துத்தான் தன் வேலையை முடித்தது.

இனி இரண்டாவது கேள்வி. ஏன் இரண்டு பேராசிரியர்?

இங்கிலாந்துக்குப் போவோம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக வேதியியல் துறையில் 1990களின் நடுவில் இரண்டு பேர். ஒருவர் சங்கர் பாலசுப்ரமணியன். 1966இல் சென்னையில் பிறந்து, குழந்தையாக இருக்கும்போதே குடும்பத்தோடு இங்கிலாந்துக்குப் போனவர். டிஎன்ஏவைப் படியெடுக்கும் நொதி எப்படி வேலை செய்கிறது என்பது அவர் ஆராய்ச்சி. இன்னொருவர் டேவிட் க்ளெனர்மன். லேசர் ஒளியால் ஒற்றை மூலக்கூறுகளைப் பார்க்கிறவர். நொதிக்காரருக்கு லேசர் வேண்டியிருந்தது. லேசர்காரருக்குப் பார்க்க ஒரு பொருள் வேண்டியிருந்தது. கண்ணாடிப் பரப்பில் ஒட்டிய ஒற்றை டிஎன்ஏ இழையில் நொதி ஒவ்வொரு எழுத்தாகக் கோப்பதை, எழுத்துக்குச் சாயமேற்றி, நேரே பார்க்க வேண்டும் என்பதுதான் தொடக்க ஆசை. ஜீனோமைப் படிக்கும் எண்ணம் அதில் கிடையாது.

1997 கோடையில் துறைக்குப் பக்கத்தில் இருந்த பான்டன் ஆர்ம்ஸ் என்ற பப்பில் இவர்கள் தம் இளம் ஆய்வாளர்களோடு உட்கார்ந்து பேசியபோதுதான் பொறி தட்டியது. ஓர் இழையில் எழுத்து சேர்வதைப் பார்க்க முடிந்தால், அதே கண்ணாடியில் கோடிக்கணக்கான இழைகளை ஒட்டி, எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் பார்க்கலாமே! ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நிறம், ஒரு தடுப்பு. எழுத்து சேர்ந்ததும் தடுப்பால் வேலை நிற்கும், படம் எடுத்துக்கொள், சாயத்தையும் தடுப்பையும் கழற்று, அடுத்த எழுத்து. வரிசையாக ஒரு புத்தகத்தை வாசிப்பதற்குப் பதில், எல்லாப் பக்கத்தின் முதல் எழுத்தையும் ஒரே படத்தில் பிடித்து, பிறகு எல்லாப் பக்கத்தின் இரண்டாவது எழுத்தையும் பிடிப்பது மாதிரி.

அவர்களுக்கு முதல் கட்ட ஆய்வுக்கு அரசு நிதி இருந்தது. 1998இல் அபிங்வொர்த் என்ற முதலீட்டு நிறுவனம் விதைப் பணம் போட, சொலெக்ஸா என்ற கம்பெனி பிறந்தது. இது பங்கு எடுத்துக்கொள்கிற வகை விதைப் பணம் என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் முதல் இரண்டு ஆண்டு வேலை பல்கலைக்கழக ஆய்வகத்திலேயே நடந்தது. 2005இல் ஃபைஎக்ஸ் 174 என்ற வைரஸின் 5,386 எழுத்தையும் முழுதாக வாசித்துக் காட்டினார்கள். 1977இல் ஃப்ரெடரிக் சாங்கர் அதே கேம்பிரிட்ஜில் வாசித்த அதே வைரஸ்தான். 2006இல் கருவி விற்பனைக்கு வந்தது. 2007இல் இலுமினா கம்பெனி சொலெக்ஸாவை 60 கோடி டாலருக்கு வாங்கியது. ஒரு மனித ஜீனோமை வாசிக்க 2001இல் சுமார் 9.5 கோடி டாலர் ஆகும் என்பது அமெரிக்க ஜீனோம் நிறுவனத்தின் கணக்கு. 2022இல் அது சுமார் 500 டாலராக இறங்கியது. பப்பில் உட்கார்ந்து பேசியதிலிருந்து கருவி கைக்கு வர ஒன்பது ஆண்டு. இருவரில் எந்த ஒருவரும் தனியாகச் செய்திருக்க முடியாத வேலை. ஒருவருக்கு இன்னொருவர் வேலையின் அவசியமே தெரிந்திருக்காது.

வாசிப்பு இப்படி மலிந்ததும் வேறொரு தட்டுப்பாடு வந்தது. எழுத்து குவிகிறது, பொருள் புரியவில்லை. ஜீனோமிக்ஸ் என்பது அந்த எழுத்து மொத்தத்தையும் கையாளும் துறை என்றால், சிஸ்டம்ஸ் பயாலஜி என்பது அந்த எழுத்துகள் ஒன்றையொன்று எப்படி இழுத்துப் பிடிக்கின்றன என்று பார்க்கும் துறை. உங்களுக்கு இதைப் பாசனமாகச் சொன்னால் சட்டென்று புரியும். ஒரு மதகைப் பற்றி எல்லாம் தெரிந்தவர் இருக்கலாம். ஆனால் இந்த மதகை அடைத்தால் எங்கோ கடைமடையில் எந்த வயல் காயும், எந்த வயல் மூழ்கும் என்று சொல்ல, வாய்க்கால் முழுவதையும் தெரிந்திருக்க வேண்டும்.

லீராய் ஹூட் 2000இல் சியாட்டிலில் இதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார். மறு ஆண்டு அங்கிருந்து வந்த ஒரு கட்டுரையை இத்துறைக்காரர்கள் இன்றும் பாடமாகச் சொல்வார்கள். பொருள் ஈஸ்ட், நாம் ரொட்டிக்குப் போடுகிற அதே ஈஸ்ட். பால் சர்க்கரையின் ஒரு பாதியான காலக்டோஸை அது எப்படிச் செரிக்கிறது என்பது முன்பே பழகிய விஷயம், பாடப்புத்தகத்திலேயே உண்டு. இவர்கள் செய்தது, அந்தப் பாதையில் இருக்கும் ஒன்பது மரபணுவையும் ஒன்று மாற்றி ஒன்று அழித்து, ஒவ்வொரு முறையும் ஈஸ்டின் சுமார் 6,200 மரபணுவும் என்ன செய்கிறது என்று பார்ப்பது. அழிக்காத ஈஸ்டையும் சேர்த்தால் பத்து; காலக்டோஸ் போட்டு ஒரு முறை, போடாமல் ஒரு முறை; ஆக 20. ஒவ்வொரு மதகாக அடைத்துவிட்டு மொத்த வாய்க்காலையும் நடந்து பார்ப்பதுதான்.

ஆயிரத்துக்குப் பக்கமாக மரபணுக்கள் ஏறி இறங்கின. பாடப்புத்தகம் எதிர்பார்க்காத ஒன்றும் தெரிந்தது. பாதையின் நடுவில் ஒரு மதகை அடைத்தபோது, மேலே இருக்கும் மதகுகளும் தாமாகக் குறுகின. நடுவில் தேங்கிய இடைப்பொருளே “போதும், மேலே அடை” என்று தகவல் கொடுக்கிறது போலும் என்று யூகித்து, அதைச் சோதித்தும் பார்த்தார்கள். அந்தக் கட்டுரையின் முதல் பெயருக்குரிய ட்ரே ஐடெக்கர் எம்.ஐ.டி.யில் மின்பொறியியலும் கணினியும் படித்துவிட்டு உயிரியலுக்கு வந்த மாணவர். புரதங்களை அளக்க ரூடி ஏபர்சோல்ட் என்ற நிபுணர். ஒரே துறைக்குள் உட்கார்ந்திருந்தால் இந்தக் கட்டுரை வந்திருக்காது.

இப்போது ஒரு சொந்தக் கதை. எழுத வருவதற்கு முன்னால் சில ஆண்டுகள் நானும் ஆய்வகத்தில் இருந்தேன். எந்த ஊர், எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம். எங்கள் உயிரியல் துறையும் புள்ளியியல் துறையும் சேர்ந்து விதைப் பணம் வாங்கினோம். 24 எலி, 12க்கு ஈரலில் கொழுப்பு, 12 நல்ல எலி. இரண்டிலும் எந்த மரபணு கூடுதலாக வேலை செய்கிறது, எது குறைகிறது என்று பார்க்க வேண்டும்.

முதல் ஆறு மாதம் பேச்சிலேயே போனது. “மாடல்” என்று நாங்கள் சொன்னால் எலி. அவர்கள் சொன்னால் சமன்பாடு. ஒரு கூட்டத்தில் முக்கால் மணி நேரம் “மாடலைச் சரிசெய்ய வேண்டும்” என்று இரு தரப்பும் மனமொத்துப் பேசினோம். வெளியே வந்த பிறகுதான் அவர்கள் கணக்கையும் நாங்கள் எலியையும் சொல்லிக்கொண்டிருந்தது தெரிந்தது.

பிறகு முடிவுகள் வந்தன. திரையில் எலிக்கு ஒன்றாக 24 புள்ளி. ஒரு பக்கம் 12 சிவப்பு, இன்னொரு பக்கம் 12 நீலம். நடுவில் ஒரு ஆற்றையே விடலாம், அவ்வளவு இடைவெளி. எங்கள் பேராசிரியர் எழுந்து நின்றுவிட்டார். மறு வாரம் புள்ளியியல் துறையிலிருந்து புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: “எதை எதை எந்தக் கிழமை ஓட்டினீங்க?”

மாதிரிகளைக் கருவியில் ஓட்டினவன் நான்தான். நோட்டைப் புரட்டினேன். நோயுள்ள 12 எலியும் திங்கட்கிழமை. நல்ல எலி 12ம் வியாழக்கிழமை, வேறொரு பெட்டி வேதிப்பொருளில். எங்கள் வசதிக்காக அப்படிப் பிரித்திருந்தேன். நாங்கள் கண்டுபிடித்தது கொழுப்பு ஈரலை அல்ல, திங்களுக்கும் வியாழனுக்கும் உள்ள வித்தியாசத்தை. நோய் எவ்வளவு, நாள் எவ்வளவு என்று பிரித்தெடுக்க எந்தக் கணக்காலும் முடியாது. பணத்தில் பாதி போயிருந்தது. மிச்சப் பணத்தில் மறுபடி செய்யுமளவுக்கு எலி வாங்க முடியவில்லை. அந்த ஆராய்ச்சி கட்டுரையாகவே வரவில்லை.

உங்களிடம் இதைச் சொல்ல எனக்கு வெட்கம். ஏனென்றால் நீங்கள் இந்தத் தப்பைச் செய்ய மாட்டீர்கள். ஒரு ரகத்தைக் குறுவையில் போட்டு, இன்னொன்றைச் சம்பாவில் போட்டு, எது நல்ல ரகம் என்று யாராவது கேட்டால் சிரிப்பீர்கள். அடுத்தடுத்த பாத்தியில், ஒரே நாளில், ஒரே தண்ணீரில் போட்டால்தான் ஒப்பிட முடியும். வயலில் எல்லோருக்கும் தெரிந்தது, குளிரூட்டிய ஆய்வகத்துக்குள் போனதும் மறந்துபோகிறது. அந்தப் பெண் அறையில் இருந்திராவிட்டால் நாங்கள் கைதட்டிக்கொண்டே கட்டுரையை அனுப்பியிருப்போம். இரண்டு பேராசிரியர் எதற்கு என்று கேட்டீர்களே, இதற்குத்தான். ஒரு துறைக்குள்ளேயே இருப்பவர்களுக்குக் கேட்கத் தோன்றாத கேள்வியைக் கேட்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை அறைக்குள் உட்காரவைக்கக் கொடுக்கிற கூலிதான் விதைப் பணத்தில் பெரும்பங்கு. அதற்குப் பிறகு எங்கள் ஆய்வகத்தில் எந்த எலியையும் சீட்டுக் குலுக்கிப் போடாமல் ஓட்டினதில்லை. உங்கள் வீட்டம்மா சொன்ன சீட்டு கடைசியில் அங்கே வந்து சேர்ந்துவிட்டது என்று அவரிடம் சொல்லுங்கள்.

அந்த ஆளை அருகில் வைக்கக் கட்டடமே கட்டினவர்களும் உண்டு. ஸ்டான்ஃபோர்டின் பயோ-எக்ஸ் என்றேனே, அது 1998இல் தொடங்கியது. தூண்டுகோலாக இருந்தவர்கள் தசையை இயக்கும் மயோசின் என்ற புரதத்தை ஆராய்ந்த ஜேம்ஸ் ஸ்பூடிச், லேசர் ஒளியால் அணுவைப் பிடித்து நோபல் வாங்கிய இயற்பியலாளர் ஸ்டீவன் சூ. லேசர் இடுக்கியால் ஒற்றை மயோசின் எடுத்து வைக்கும் அடியை அளந்தது ஸ்பூடிச் குழு. அந்த இடுக்கி வித்தைக்குத் துணை சூ. இப்படிப்பட்ட சந்திப்பைத் தற்செயலுக்கு விடக் கூடாது என்று 2003இல் க்ளார்க் சென்டர் என்ற கட்டடத்தைத் திறந்தார்கள். கண்ணாடிச் சுவர், சக்கரம் வைத்த மேசைகள், நடைபாதை எல்லாம் கட்டடத்துக்கு வெளியே. வேதியியலாளர் பக்கத்தில் கணினிக்காரர், அவர் பக்கத்தில் மருத்துவர். நெட்ஸ்கேப் நிறுவனர்களில் ஒருவரான ஜிம் க்ளார்க் 1999இல் 15 கோடி டாலர் தருவதாகச் சொன்னார். 2001இல் ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கு அமெரிக்க அரசு போட்ட கட்டுப்பாட்டை எதிர்த்து அதில் 6 கோடியை நிறுத்திவைத்தார். நன்கொடைப் பணத்துக்கும் மழை மாதிரி ஒரு குணம் உண்டு.

நல்லதையே சொல்லிக்கொண்டு போனால் நீங்கள் சந்தேகப்படுவீர்கள். சரிதான், சொத்தையும் உண்டு. இரண்டு துறை சேர்ந்தால்தான் பணம் என்றதும், இரண்டு பேராசிரியர்கள் விண்ணப்பத்தில் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டு, பணத்தைப் பாதிப் பாதி பிரித்து, ஆண்டறிக்கை எழுதும் மாதம் வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருப்பதும் நடக்கிறது. கூட்டுப் பட்டா, தனித்தனி உழவு. நிர்வாகங்களுக்கும் ஒரு பலவீனம். ஒரு டாலர் விதைத்தோம், இத்தனை டாலர் வெளி நிதியாக அறுத்தோம் என்று அறிக்கை போடுவார்கள். விதைப் பணம் இல்லாவிட்டாலும் வெளி நிதி வாங்கியிருக்கக்கூடிய கெட்டிக்காரர்களும் அந்தக் கணக்கில் சேர்ந்திருப்பார்கள். அதைவிடப் பெரிய கோளாறு, இந்தக் கணக்கு நல்ல பெயர் எடுத்தால், அடுத்த முறை குழு நிச்சயம் முளைக்கிறதைத்தான் தேர்ந்தெடுக்கும். சான்றிதழ் பெற்ற நெல் விதையில் குறைந்தது 80 சதவீதம் முளைக்க வேண்டும் என்பது விதி. விதைப் பணத்தில் 80 சதவீதம் முளைக்கிறது என்று ஒரு பல்கலைக்கழகம் சொன்னால் நான் பாராட்ட மாட்டேன். அங்கேயும் தொட்டியில் உப்பு கரைத்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பேன்.

கூட்டு உண்மையா, கையெழுத்தா என்று கண்டுபிடிக்க ஒரு வழி, இரண்டு ஆய்வகத்துக்கும் பொதுவாக ஒரு மாணவர் இருக்கிறாரா என்று பார்ப்பது. பேராசிரியர்கள் மாதம் ஒரு முறை பேசுவார்கள். இந்தப் பக்கம் மாதிரி எடுத்து, அந்தப் பக்கம் போய் நிரல் எழுதி, இரண்டு மொழியும் வாயில் புரள நடக்கிறவர் அந்த மாணவர்தான். உங்கள் மகள் அந்த இடத்தில்தான் இருக்கிறாள் என்று உங்கள் கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன்.

ஆகவே மூன்றாவது கேள்வி. விளையாவிட்டால் அவள் கதி?

நேராகச் சொல்கிறேன். பணம் கொடுத்தவர்கள் அவளைக் கேள்வி கேட்க மாட்டார்கள். முளைக்காமல் போகலாம் என்று தெரிந்தே கொடுத்த பணம். ஆனால் காலம் அப்படியில்லை. விதைப் பணம் இரண்டு ஆண்டில் தீரும், அமெரிக்காவில் பிஎச்.டி. ஐந்தாறு ஆண்டு ஓடும். நிறுவனத்துக்கு இது நாற்பது முயற்சியில் ஒன்று. அவளுக்கு ஒன்றில் ஒன்று. அதனால் அடுத்த ஃபோனில் நான்கு விஷயத்தைக் கேளுங்கள், அதட்டாமல். பட்டத்துக்கு இதை மட்டும் நம்பியிருக்கிறாளா, நிச்சயம் விளைகிற வேலை ஒன்றும் கையில் இருக்கிறதா? இரண்டு பேராசிரியரில், கையெழுத்து வேண்டும்போது அவள் போய் நிற்க வேண்டியது யாரிடம்? கட்டுரை வந்தால் யார் பெயர் முதலில் என்று இப்போதே பேசிவிட்டார்களா? இந்தப் பணம் தீர்ந்ததற்கு அடுத்த ஆண்டுக்குச் சம்பளம் எங்கிருந்து? இந்த நான்கையும் ஆரம்பத்தில் பேசினால் சங்கடம் அரை மணி நேரம். பேசாமல் விட்டு வருஷக்கணக்கில் மனத்தாங்கலோடு நடமாடியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக உங்கள் பின்குறிப்புக்கு வருகிறேன். ஓரத்தில் நெருக்கி எழுதியது ஏதோ அற்ப விஷயம் என்று நினைத்து நீங்கள் எழுதினீர்கள். எனக்கு மொத்தக் கடிதமும் அதில்தான் இருக்கிறது. பம்ப்செட் பக்கத்தில் ஐந்து குழி நிலத்தை ஒதுக்கி, யாரோ கொடுத்த பெயர் தெரியாத பழைய நெல்லை மூன்று வருஷமாகப் போட்டுப் பார்க்கிறீர்கள். முதல் வருஷம் சாய்ந்துவிட்டது, இரண்டாம் வருஷம் பூச்சி, போன வருஷம் நாலு மரக்கால் வந்தது. “வீட்டில் கேட்டால் திட்டுவார்கள், எலி தின்றுவிட்டது என்று சொல்லிவிடுவேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஐந்து குழிக்கு யாரிடமும் வட்டி கட்டினீர்களா? அது பொய்த்த வருஷம் உங்களை உழவர் இல்லை என்று யாராவது சொன்னார்களா? உங்கள் மகள் வாங்கியிருப்பது அந்த ஐந்து குழிதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஃபோன் செய்யும்போது, அந்த நான்கு கேள்வியும் கேட்டு முடித்த பிறகு இன்னும் ஒன்று கேளுங்கள். “நோய் உள்ளதையும் இல்லாததையும் ஒரே நாள்ல ஓட்டினியாம்மா?” அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் வராது. பிறகு இது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள். குறுவையும் சம்பாவும் போட்டுத் தெரிந்துகொண்டேன் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பத்தி எழுத்தாளன்